தண்ணீர் தெளித்த விதைக்கடலை

மதுரையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். என் பொறுப்பில் ஒரு கேமரா இருந்தது. பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை அது நூற்றுக்கணக்கான அலைவரிசைகளாகப் பிரித்துப் பதிவு செய்யும். கண்ணுக்குத் தெரியாத ஒளியும் அதில் சேரும். நிலக்கடலைப் பருப்பைத் தட்டில் பரப்பி அதன் கீழே நகர்த்தினால், பூஞ்சை பிடித்தவை திரையில் சிவப்பாகத் தெரியும்.

ஒரு நாள் உசிலம்பட்டியிலிருந்து ஓர் அக்கா விதைக்கடலை கொண்டுவந்தார். மானாவாரி நிலமும் இரண்டு மாடும் உள்ளவர். தட்டு நகர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"அம்புட்டும் கெட்டுப்போச்சுக்கா. விதைக்கு ஆகாது."

அவர் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தார். "கசக்கக்கூட இல்லையே தம்பி."

"நாக்குக்குத் தெரியாதுக்கா. மெஷினுக்குத் தெரியும்."

அவர் தட்டிலிருந்த பருப்பைத் தடவிப் பார்த்தார். "ஒடைக்கிற மெஷின்ல பருப்பு நொறுங்கக் கூடாதுன்னு காலையில தண்ணி தெளிச்சோம். அதையும் கெட்டதுன்னு சொல்லுமா?"

சொல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை ஈரம் விழுங்கிவிடும்; கேமரா அதைப் பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் கேமராவைப் பழக்கியது உலர்ந்த பருப்பை வைத்து மட்டுமே. இது எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன்.

"திருப்பரங்குன்றத்துல மக வீடு இருக்கு. இருந்துட்டு நாளன்னைக்கு வாரேன்" என்று போனார்.

நிழலில் உலர்த்தி, அவர் வந்ததும் மறுபடி ஓட்டினேன். சிவப்பு ஏறக்குறைய எல்லாம் மறைந்தது. ஒரு கைப்பிடி மட்டும் மாறவில்லை. அவற்றில் ஒன்றைப் பிளேடால் பிளந்தேன். வெளியே ஒரு குறையும் தெரியாத பருப்பின் இரு பாதிகளுக்கு நடுவில் பச்சையாய்ப் பொடி படிந்திருந்தது.

"இதை மாட்டுக்குப் போட்டுறலாம்ல?"

"வேணாங்க்கா. அந்தப் பூஞ்சையோட விஷம் பால்ல இறங்கும்."

"கழிச்சதையெல்லாம் மாட்டுக்குத்தான் போடுறேன். அந்தப் பாலைத்தான் பேத்தி குடிக்கிறா."

இனிமேல் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையே ஒரு பாட்டிலில் பால் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதை அந்தக் கேமரா பார்க்காது என்று விளக்கி, வேறொரு கூடத்துக்கு அனுப்பினேன். நஞ்சு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. போனில் சொன்னேன்.

"இருக்குதான?" என்றார்.

"கொஞ்சம் இருக்குக்கா."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.