நேரில் வந்து அழைத்ததாக

மகளுக்கு ஒரு வயது நிறையப் போகிறது என்ற சந்தோஷத்தைவிட, அதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற அலுப்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரருக்கு அதே மில்லில் ஷிப்ட். அவர் தூங்கி எழும்போது நான் கிளம்பியிருப்பேன். நான் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். இதில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வீடு வீடாக ஏறி இறங்க யாருக்குக் காலில் தெம்பு இருக்கிறது?

அதனால் போனிலேயே ஒரு கார்டு செய்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் போன். ஆப்பில் பலூன் இருந்தது, யானைக்குட்டி இருந்தது, பிள்ளையின் போட்டோவுக்கு வட்டமாக இடம் விட்டிருந்தது. கீழே என்ன எழுதுவது என்றுதான் ஓடவில்லை. யாரோ அனுப்பியிருந்த கிரகப்பிரவேச அழைப்பிலிருந்து கடைசி வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன்: 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு வருகை தரவும்.' எழுதினவர் மகராசனாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை பேருடைய கால்வலியை மிச்சப்படுத்தியிருக்கிறார்!

எல்லோருக்கும் அனுப்பினேன். கட்டைவிரல்கள் வந்தன. கேக் படங்கள் வந்தன. சித்தப்பா ஒருவர் கார்டைத் திறக்காமலே ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அண்ணனிடமிருந்து கூப்பிய கைகள் மட்டும் வந்தன. மடவார் வளாகத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். கையெல்லாம் எப்போதும் வார்னிஷாக இருக்கும், போனில் ஒரு வார்த்தை டைப் பண்ண மாட்டான். வாரேன் என்றுதான் கும்பிடு போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் வராமல் எப்படி? எங்கள் வீட்டில் தாய்மாமன் எடுத்த துணியைப் போட்டுத்தான் பிள்ளை முதல் பிறந்தநாளுக்கு உட்காரும். அதை நம்பி நான் அவளுக்குப் புதுத்துணியே எடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு முந்தின வாரம், துணிக்கு அளவு சொல்லலாம் என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தது மதினி.

"அவிய கும்பிடு போட்டாகளே, பாக்கலையா?" என்றாள்.

"பாத்தேன் மதினி. வாரேன்னுதான..."

"அது வாரேங்கிற கும்பிடா? ஒங்க சகவாசத்துக்கே ஒரு பெரிய கும்பிடுன்னு போட்டது. சேத்தூருக்கு மட்டும் ரெண்டு பேருமா தட்டோட போனீகளாம்ல? இங்க ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போக பஸ்ஸா இல்ல?"

சேத்தூர் என் வீட்டுக்காரரின் அக்கா வீடு. "அக்காவுக்கு நேர்ல சொல்லலைன்னா பேச்சாயிரும்" என்று ஞாயிற்றுக்கிழமை என் தூக்கத்தைக் கெடுத்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். பேச்சுக்குப் பயந்து போன இடம் அது. அண்ணனிடம் எனக்கு என்ன பயம்? அவன் நம்ம ஆள். நம்ம ஆளுக்கு எதற்கு வெற்றிலை பாக்கு? இதைச் சொன்னால் மதினிக்குப் புரியுமா என்று தெரியவில்லை. சொல்லவும் தெம்பில்லை. "அண்ணன்கிட்ட குடுங்க" என்றேன்.

"வாரேன்டி, வாரேன். வேல கெடக்கு, வையி" என்று வைத்துவிட்டான்.

அந்தக் குரலில் வருகிறவனின் சத்தம் இல்லை. மறுநாள் சாயங்காலம் மில்லிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழம்கூட வாங்கிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, படி வரைக்கும் ஆள். அடுத்ததும் அப்படித்தான் வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை போன் அடித்துவிட்டாள். சீ, என்ன பிழைப்பு இது என்று வந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

பிறந்தநாள் அன்று கார்டு போன வீடுகளில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சேத்தூர் அக்கா முதல் ஆளாக வந்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, "மாமன்காரன எங்க காணோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பனியனோடு இடுப்பில் வைத்திருந்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கேக்கில் கிரீம் உருக ஆரம்பித்தது. பிள்ளை தூக்கத்துக்கு அழுதாள்.

போன் சத்தம் கொடுத்தது. அண்ணன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அவன் வீட்டுக் கட்டிலில், மாம்பழ மஞ்சளில் ஒரு சின்னப் பட்டுப்பாவாடை, பச்சைச் சட்டை. மடிப்பு கலையாமல் விரித்து வைத்திருந்தான். படத்தின் மூலையில், லென்ஸை மறைத்துக்கொண்டு, அவன் விரல். ஒரு வார்த்தை டைப் பண்ணாதவன் கீழே முழுசாக ஒரு வரி டைப் பண்ணியிருந்தான்.

'இதையே நேரில் வந்து போட்டுவிட்டதாக ஏற்றுக்கொள்ளவும்.'

போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆள்கள் நிறைந்த வீட்டில் அழ இடமில்லை.

"ஒங்க அண்ணன் வந்தாச்சா?" என்றார் என் வீட்டுக்காரர், மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு.

"வந்ததா வச்சுக்கிடுங்க" என்றேன். பிள்ளையைப் பனியனோடேயே கேக்குக்கு முன்னால் உட்கார வைத்தேன்.