நமக்குக் கேட்காத பாட்டு

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் போனைக் காதில் வைத்திருப்பாள் பேக்கிங் அக்கா. மடியில் அதிர்ந்துகொண்டிருக்கும் தன் போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த காலத்தை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். தன் நம்பருக்குத் தானே போன் போட்டுக் காலர் டியூன் கேட்கிற மனுஷியை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒரு புல்லாங்குழல், பிறகு இரண்டு வரி. மூன்றாவது வரி பாதியில் வெட்டுப்பட்டு மறுபடியும் புல்லாங்குழல் வரும். "கீது பாப்பா, பாட்டு அப்படியே கீது" என்று போனைத் திருப்பித் தருவாள்.

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து குவாலிட்டி வேலைக்கு வந்தவள். பைபாஸ் ஓரம் ஒற்றை அறை. என்னைப் பெற்ற நைனா இறந்துபோன பிறகு என் போன் பெரும்பாலும் ரீசார்ஜ் செய்யச் சொல்லித்தான் சத்தம் போடும். அக்காவுக்கு ஆரணிப் பக்கம் ஊர். அவள் அம்மா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அக்காவுக்கு ஒரே மகள். அவள் வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். "உன் போன்ல இருந்து அதாண்ட பேசக் கூடாது" என்று வீட்டுக்காரர் அக்காவிடம் மாதா மேல் சத்தியம் வாங்கிவிட்டார். போவதற்குச் சில வாரம் முன்பு மகள் தன் கையால் அம்மா போனில் வைத்துக் கொடுத்ததுதான் அந்தப் பாட்டு.

"என்னிக்கினா அது போன் பண்ணா பாட்டு இருக்கணும் இல்ல? பாட்டை எடுத்துட்டா, அம்மாவுக்கு இன்னும் கோவம் போவலன்னு நெனச்சிக்கினு வச்சிடும்" என்பாள் அக்கா.

அந்தப் பாட்டு வைத்த புதிதில் இலவசம். அப்புறம் மாசம் ஒரு தொகை பிடித்தார்கள். அப்புறம் அதையும் ஏற்றினார்கள், பாட்டை மாற்றினால் அதற்குத் தனிக் காசு. பேலன்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தது. பஸ் முழுக்க ஒரே ரகளை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுக் கஸ்டமர் கேர் பெண்ணை ஒரு பிடி பிடித்தார். "ஏம்மா, அந்தப் பாட்டு என் காதுக்கே கேக்கறது இல்ல. மத்தவன் கேக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு டப்பு அழுவணும்?" பஸ்ஸே கைதட்டியது. அவர் கேட்டது நியாயம்தான். அந்த வாரமே ஆளாளுக்குப் பாட்டை நிறுத்திவிட்டார்கள், யாரைக் கூப்பிட்டாலும் வெறும் ட்ரிங் ட்ரிங். அக்கா மட்டும் "பேஜாரு புடிச்சவனுங்க" என்று திட்டிக்கொண்டே பாட்டுக்குப் பணம் கட்டினாள். "இன்னாக்கா, கச்சேரி இன்னும் நடக்குதா?" என்று அண்ணன் தினமும் ஓட்டுவார்.

பிறகு அன்லிமிடெட் பேக் வந்தது. பாட்டு அதிலேயே சும்மா கிடைத்தது. திட்டியவர்கள் அத்தனை பேரும் கூச்சமே இல்லாமல் திரும்பி வந்து வாரத்துக்கொரு பாட்டு வைத்தார்கள். இன்னொருவர் பாட்டு பிடித்திருந்தால் அவருக்குப் போன் போட்டு, பாட்டு ஓடும்போதே ஸ்டாரை அமுக்கினால் போதும், அது நம் போனுக்கும் வந்துவிடும். பஸ்ஸில் இதே விளையாட்டுதான். அக்கா மட்டும் இந்த இலவசத்தை நம்பவில்லை. "சும்மா குடுக்கறவன் சும்மா எடுத்துக்கவும் செய்வான் பாப்பா" என்றாள். முன்பு எப்போதாவது என் போனை வாங்கியவள், அதன் பிறகு தினமும் வாங்கினாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி மகளின் புது நம்பரை அக்காவிடம் கொடுத்தாள். ஷிஃப்ட் முடிந்து, கேட்டில் ஒப்படைத்த போன்களை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அக்கா என் போனைக் கேட்டாள். "என் போன்ல பேச மாட்டேன்னு தானே சத்தியம் பண்ணேன்?" என்று என்னிடம் நியாயமும் கேட்டாள். நம்பரைப் போட்டுக் காதில் வைத்தவள், சட்டென்று மடியைப் பார்த்தாள்.

"என் நம்பரையே போட்டுட்டேனா?"

மடியில் போன் அசையாமல் கிடந்தது. நான் வாங்கிக் கேட்டேன். அதே புல்லாங்குழல், அதே இரண்டு வரி, அதே இடத்தில் வெட்டு. அந்தப் பாட்டு மகள் போனுக்குப் போயிருக்கிறதென்றால், அவள் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள், பாட்டு ஓடும்போது ஸ்டாரை அமுக்கியிருக்கிறாள். அந்த மிஸ்டு கால், லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் நம்பர்களுக்கு நடுவில் கவனிக்காமல் போயிருக்கும். "என் ஷிஃப்ட் டைம் அதுக்குத் தெரியும். போன் கேட்லதான் கெடக்கும்னு தெரிஞ்சேதான் பண்ணிகீது" என்றாள் அக்கா. யாரும் எடுக்காமலேயே பாட்டு ஓய்ந்தது. பஸ் வேண்பாக்கம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காசு குடுத்து எடுத்திருக்குமா, ஓசியில எடுத்திருக்குமா?" என்று கேட்டாள்.

"வெல ஏத்துன நேரத்துலதான்கா எடுத்திருக்கும்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அக்கா அன்று சிரித்தாள். அதன் பிறகு தன் நம்பரைப் போடுவதை விட்டுவிட்டு, என் போனில் மகள் நம்பரைப் போட்டுக் கேட்பாள். அந்தப் பக்கம் எடுத்ததும் இல்லை, கட் செய்ததும் இல்லை.

இப்போது நான் திருவள்ளூரில் ஓர் ஆபீசில் இருக்கிறேன். பாட்டு ஆப்பின் மாசக் கட்டணம் ஏறிவிட்டதென்று பக்கத்து சீட்டுப் பெண்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். நான் எப்போதாவது அக்காவின் ஷிஃப்ட் நேரத்தில் அவளுக்குப் போன் போட்டுப் பாட்டைக் கேட்கிறேன். சாயங்காலம் அவள் திருப்பிக் கூப்பிடுவாள். "இன்னா பாப்பா, உன் போனு மொட்டையா அடிக்குது. நீயும் ஒரு பாட்டு வச்சிக்கோயேன்." யாருக்காக வைப்பது என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் அவள் பேச்சைக் கேட்டு ஒன்று வைத்தேன். சரியாக வருகிறதா என்று பார்க்கப் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனை வாங்கி என் நம்பரைப் போட்டேன். மடியில் என் போன் அதிர்ந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.