சிவப்பு நாலு

வலது கை தறியின் நாடாவை எறிந்தது, இடது கை பிடித்தது. பலகையை மடிப்பக்கம் இழுத்து ஓர் அடி. பிறகு இடது கை எறிய வலது கை பிடித்தது. கறுப்பு நூல் எட்டு ஓட்டம், வெள்ளை இரண்டு, சிவப்பு நாலு. ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கட்டச் சாறனின் கணக்கு அது. மருதமுனையில் அந்தத் தறியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் எண்ணுகிற குரல் கேட்கும். இப்போது அடி மட்டும்தான் கேட்டது. றுகையா மூன்று மாதமாக மனதுக்குள் எண்ணினாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் தறிக்குழியைச் சேற்றால் நிரப்பியது. புருஷன் காலிதீனின் தோணியையும் கொண்டுபோனது. அதன்பின் வீட்டில் எதைக் கதைத்தாலும் சண்டையில் முடிந்தது. அவன் சாகாமத்துக்குக் குளக்கட்டு வேலைக்குப் போனான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வீடு அடங்கிய பிறகுதான் கவனித்தாள், நாலு வயது நதீராவும் கதைப்பதை விட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, உன்ட புள்ளட வாயையும் வெள்ளம் கொண்டு போயிட்டா?"

"வரும் மாமி."

"எப்ப வாற? நோன்பு கழிய குர்ஆன் ஓதப் போடணுமெல்லா. ஓதிக் குடுக்கிற லெப்பை மொத எழுத்து அலிஃபைச் சொல்லச் சொன்னா இது சுவரைப் பாக்கும்."

கற்கண்டு கொடுத்துப் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. பிள்ளை குழியோரம் குந்தியிருந்து, கேட்ட நிறத்து நூலைச் சரியாக எடுத்து நீட்டுவாள். வாய் மட்டும் திறக்காது.

அன்று பாண்டிருப்புச் செல்லத்தங்கம் கேட்ட சாறன் தறியில் இருந்தது. ஹவ்வா உம்மாவின் சொல் காதை விட்டுப் போகவில்லை. அதை அமுக்க றுகையா வாய்விட்டு எண்ணினாள்.

"சிவப்பு ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

"நாலு."

நாடா கையில் நின்றது. கட்டி அணைத்தால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவளுக்குப் பட்டது. திரும்பிப் பார்க்காமல், "நாலா?" என்றாள்.

"நாலு, உம்மா."

கூடின ஓட்டத்தை உருவி எடுத்தாள். அடுத்த கட்டத்தைச் சரியாக எண்ணினாள். பிள்ளை பேசவில்லை. அதற்கடுத்ததில் வேண்டுமென்றே வெள்ளையை மூன்றாக்கினாள்.

"ரெண்டு!"

பிறகு அதுவே வேலையாயிற்று. நாலு கட்டத்துக்கு ஒரு பிழை, நெய்வதும் பிரிப்பதும். ஒரு பிழைபட்ட ஓட்டத்தையும் அவள் துணியில் விடவில்லை. சாறன் நாளுக்கு ஒரு சாணாக வளர்ந்தது. நதீராவின் பேச்சு அதைவிட வேகமாக வளர்ந்தது.

"கறுப்பு பத்து," என்றாள் றுகையா, திங்கட்கிழமை.

"எட்டெல்லா! எத்தின தரம் சொல்ற உனக்கு?"

சண்டையில் காலிதீன் சொல்கிற சொல், அவன் இழுக்கிற அதே இழுப்பு. வாய் மூடியிருந்த நாளெல்லாம் காது திறந்துதான் இருந்திருக்கிறது. றுகையா கூடின இரண்டு ஓட்டத்தையும் உருவி எடுத்தாள்.

மறுநாள் செல்லத்தங்கம் படலையைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"வெள்ளிக்கு எண்டு சொன்னாய் றுகையா, இண்டைக்குச் செவ்வாய். எங்கட மனிசன் கிழிஞ்சதைக் கட்டிக்கொண்டு திரியுது."

"கொஞ்சம் சுணங்கிட்டுது அக்கா..."

"உம்மாக்கு எண்ணத் தெரியா," என்றாள் நதீரா. "எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத்தான் நெய்ஞ்ச. நான்தான் சொல்லிக் குடுத்த."

"இதுவா கதைக்காத புள்ள?" செல்லத்தங்கம் வாயில் கை வைத்தாள்.

றுகையா அன்று காலை தறியிலிருந்து அறுத்தெடுத்த சாறனை நாலாக மடித்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். நதீரா அதை இரண்டு கையாலும் ஏந்திப் போய் நீட்டினாள்.

"பிழை இல்ல. எண்ணிப் பாருங்க."