இருபதில் ஒரு வீடு

ரூபியின் கை தன் பாட்டுக்கு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துக்கொண்டிருக்கிறது. கண் எதிர் புளோக்கின் பன்னிரண்டாவது மாடியில். சிங்கப்பூர் தேக்கா, பஃப்பளோ ரோட்டின் நடைபாதைக் காய்கறிக் கடை, சனிக்கிழமை காலை. ஒடிந்தவை ஒரு குவியல். கூடைக்குள் போனவை நாலு.

"அக்கா, வெண்டைக்கா இங்க கீழ இருக்கு," என்கிறார் கடைக்காரர் முகமது யூசுப். "மேல யாரு, உங்க சொந்தக்காரங்களா?"

"பெட்ஷீட்டக் கொண்டுபோய் கம்பு நுனியில போட்டிருக்காங்க யூசுப். காத்து அடிச்சா என்னாவும்? புதுசா குடிவந்தவங்க போல லா."

பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொள்கிறார் ரூபி. யூசுப் ஒடித்த காய் அத்தனையையும் நிறுத்துப் பையில் போட்டு நீட்டுகிறார். ரூபி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார். இது ஒவ்வொரு சனிக்கிழமையும் நடப்பதுதான்.

ரூபிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆங் மோ கியோவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. மற்ற நேரத்தில் கணினித் திரையின் பின்னணிக்கு வால்பேப்பர் செய்கிறார். வரைவதில்லை, வரையத் தெரியாது. பூனை போட்டால் பெட்டி மாதிரி வருமென்று அவரே சொல்வார். அவர் எழுதுவது விதிகளை. அந்த விதிகளை வைத்துக்கொண்டு கணினி தினம் ஒரு புதுப் படத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

படத்தில் இருப்பது ஓர் அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம். வரிசையாகச் சமையலறை ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஜன்னல் வெளியே நீட்டிய மூங்கில் கம்புகள், கம்பு நிறையத் துணி. நேற்றுக் காய்ந்தது இன்று காயாது. "ராண்டம்னா கண்ண மூடிட்டு அள்ளிப் போடறதுன்னு நெனைக்கிறாங்க. எந்த வீட்டுல அப்படிக் காயப்போடறாங்க, சொல்லுங்க?" என்பார். உள்ளாடை சுவரை ஒட்டித்தான் வரவேண்டும், அதை மறைக்க ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை மாலை பள்ளிச் சீருடை. சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் திரைச்சீலை. ஆரம்பத்தில் ஒரு விதி பிசகி, எட்டாவது மாடியில் ஒரே கம்பில் பதினேழு துண்டு தொங்கியது. "யாரு, முடிவெட்டற கடையா?" என்று கேட்டார் கணவர் லாசரஸ்.

லாசரஸ் பேருந்து ஓட்டுநர். மனைவியின் கலையைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். "ஊரார் துணியெல்லாம் ஒன் படத்துல காயுது. என் சட்டை பக்கெட்டுல கிடக்கு."

பழைய மடிக்கணினி ஒன்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, சமூக மன்றத்து மாலை வகுப்புக்குப் போய் அதில் லினக்ஸ் போடக் கற்றுக்கொண்டார் ரூபி. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டும் இயங்குதளம் அது. யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். அவர் போட்டுக்கொண்ட வகையின் ஒவ்வொரு புதுப் பதிப்போடும் எட்டு வால்பேப்பர்கள் போகும். அந்த எட்டில் ஒன்றாகிவிட வேண்டும் என்பது ரூபியின் ஆசை. முதல் வருடம் மேகங்களை அனுப்பினார். மேகம் நிறைய வந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் வருடம் லாசரஸ் பேச்சைக் கேட்டு பேருந்து வழித்தடங்களை அனுப்பினார். அதற்குப் பதிலே இல்லை. இந்த வருடம் துணி. எல்லாம் தேறியது, ஒன்றைத் தவிர.

வெளியே மழை வந்தால் படத்திலும் மழை வரும். பக்கத்து வானிலை நிலையத்தின் அளவைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்குள் கம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். எல்லாக் கம்பும் போகாது. இருபதில் ஒரு வீட்டுத் துணி நனையும். இந்தக் கணக்கு கிளினிக்கில் கிடைத்தது: எத்தனை மெசேஜ் அனுப்பினாலும் இருபது பேரில் ஒருவர் பல்லைக் காட்ட வரமாட்டார்.

படங்களைச் சரிபார்ப்பவர் நார்வேயில் இருக்கிறார். மழையின்போது சில கம்புகள் வெளியிலேயே நிற்கின்றன, பிழை போலிருக்கிறது, திருத்தினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். கெடு வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் நேரம் மாலை ஏழு மணி.

'அவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள்' என்று பதில் போட்டார் ரூபி.

'யார்?' என்று கேட்டார் நார்வேக்காரர்.

"அந்தத் தம்பி வீட்டுல இருந்தே வேலை பாக்குது போல," என்றார் ரூபி லாசரஸிடம்.

மாற்றவேண்டியது ஒரே ஓர் எண்ணைத்தான். பாடகர் குழுவில் வேறு சொல்லிவைத்தாயிற்று. மூன்றாவது தடவையும் இல்லையென்றால் அந்தப் பெண்கள் பரிதாபப்படுவார்கள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த எண்ணை அழித்துச் சுழியம் போட்டார். இனி மழை வந்தால் எல்லாக் கம்பும் உள்ளே. மறுநாள் மாலை அனுப்பிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் மேசைக்கடியில் இருந்த மடிக்கணினியைத் திறந்து பார்த்தார் ரூபி. படத்திலும் மழை. ஒரு கம்பு இல்லை, ஒரு துணி இல்லை. புளோக் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரூபியின் வீட்டில் அந்த நேரம் யாரும் இல்லை. அவர் இங்கே, லாசரஸ் வண்டியில், லாசரஸின் மூன்று சீருடைச் சட்டைகள் பத்தாவது மாடியில் கம்பில்.

"எங்க வீடு எங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒருவர், தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வீடு திரும்பும் பேருந்திலேயே சுழியத்தை அழித்துப் பழைய எண்ணைப் போட்டுவிட்டார். ஆனால் வெறுமனே சொன்னால் நார்வேத் தம்பி நம்ப வேண்டுமே.

பேருந்திலிருந்து இறங்கி, தன் புளோக்கின் கீழே நின்று குடையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தார். பின்பக்கம் முழுக்க வெறும் ஜன்னல்கள். நாலாவது மாடியில் யாருடைய கைலியோ. பத்தாவதில் மூன்று சட்டைகள், கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அவ்வளவுதான். லிஃப்டில் ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கம்பை உள்ளே இழுத்தார். முப்பது வருடப் பழக்கம். சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர்.

லாசரஸ் வந்து வாசலில் நின்றார். "நாளைக்கு நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது?"

மணி ஆறு இருபது. ரூபி கம்பைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார். கம்பைத் தூக்கினார். சொட்டச் சொட்ட மூன்று சட்டைகளும் திரும்ப ஜன்னல் வழியாக மழைக்குள் போயின. கம்பின் அடியை ஜன்னலுக்கு வெளியே சுவரில் பதித்த குழாய்க்குள் செருகினார்.

"ஏய், என்ன பண்ற நீ?"

"போட்டோ எடுக்க மறந்துட்டேன். கீழ போய் எடுத்து நார்வேக்கு அனுப்பணும்."

"போ. நான் காப்பி போடறேன்."

"நீங்களும் வாங்க. வீட்டுல ஆள வச்சுக்கிட்டு எடுத்தா அது பொய் லா."

லாசரஸ் கழற்றிய காலணியை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ரூபி சமையலறை விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒரு முறை ஆட்டியும் பார்த்தார்.