இரண்டு போண்டா வைத்த வகுப்பு

காலேஜில் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் நாளே என்னை எகனாமிக்ஸ் டிபார்ட்மென்டுக்கு அனுப்பினார்கள். விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், ஐந்தாவது வரைதான் படித்தவள், யாரிடமும் பேசக் கூச்சம். பேராசிரியர் ராகவன் சார் ஒரு தட்டில் இரண்டு போண்டா வைத்து, "மேரிம்மா, இதை எடுத்துக்கிட்டு கிளாசுக்கு வாங்க" என்றார்.

கிளாசில் ஒரு பீரோ. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி அதற்கு இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு பெண். பேசக் கூடாது. 'பங்கு' அல்லது 'எனக்கே' என்று சீட்டில் எழுதி என்னிடம் தர வேண்டும். இருவரும் பங்கு என்றால் ஆளுக்கு ஒன்று. ஒருவர் மட்டும் எனக்கே என்றால் இரண்டும் அவருக்கு. இருவருமே எனக்கே என்று எழுதினால் தட்டு என்னிடம் வந்துவிடும். அந்த வருஷங்களில் நான் நிறைய போண்டா சாப்பிட்டேன்.

அடுத்தவர் மனசில் இருப்பது தெரியாமல் மனுஷர் எப்படி நடந்துகொள்வார், அதுதான் சாருடைய படிப்பு. பழைய ஸ்கூட்டரை விற்பவனுக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைத்தான் காலம் பூராவும் படிப்பதாக, டீ கொடுக்கப் போன என்னிடமும் ஒருநாள் சொன்னார்.

சில வருஷம் கழித்து, பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை என்று கவனித்தேன். காது மந்தமாகிக்கொண்டிருந்தது. கண் மங்கிய ஒரு லெக்சரரை அப்போதுதான் வகுப்பிலிருந்து எடுத்து லைப்ரரியில் உட்கார வைத்திருந்தார்கள். தன் வகுப்பும் போய்விடும் என்று சார் பயந்தார். "நமக்குள்ளேயே இருக்கட்டும் மேரிம்மா" என்றார். சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்று புது ரூல் போட்டார். சீட்டை வாங்கிக் கொடுப்பது என் வேலை. பிள்ளைகள் அதையும் ஒரு விளையாட்டு என்று நினைப்பதாக நாங்கள் இருவரும் நம்பினோம்.

ஒருநாள் பிரின்சிபால் மேடம் சத்தமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் வாய்விட்டே ஒரு கேள்வி கேட்டார். சார் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தார். முதல் பெஞ்ச் ஷாலினி எழுந்தாள். தினமும் செய்கிற வேலை மாதிரி அந்தக் கேள்வியைப் போர்டின் ஓரத்தில் எழுதிவிட்டு உட்கார்ந்தாள்.

சார் படித்தார். திரும்பி மேடத்தைப் பார்த்தார். சாக்பீஸை வைத்துவிட்டு ஷாலினியின் பக்கத்தில் போனார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எல்லாருக்குமே தெரியும் சார். முகத்தைப் பாத்துப் பேசுங்கன்னு சீனியர்ஸ் சொல்லிட்டுத்தான் போனாங்க. நீங்க மறைக்கிறீங்களேன்னு நாங்களும் தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

சார் சிரித்துவிட்டார். "யாருக்கு என்ன தெரியும்னு காலம் பூரா பாடம் எடுத்தேன். என் கிளாஸ்லயே எனக்குத் தெரியலை பாரு." பிறகு நிமிர்ந்து, தனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று மேடத்திடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

மேடம் கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எழுந்து சாருக்கு எதிரே வந்து நின்றார். "மிஷின் வெச்சுக்கோங்க சார். கிளாஸை விட வேண்டாம். என் கேள்விக்கு பதில் இன்னும் வரலை."

சார் காதில் மிஷினோடு வந்த அன்று மறுபடி போண்டா விளையாட்டு நடந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயமே ஆனாலும், ஒருத்தர் வாய் திறந்து சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மனசு லேசாகிறது என்று அன்று கண்டுகொண்டேன். எந்த ஜோடி வந்தாலும் இரண்டு சீட்டிலும் பங்கு என்றே எழுதியிருந்தது. "இப்படி எழுதினா நான் என்னத்தை நடத்தறது?" என்று சார் அலுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் அன்று போண்டா இல்லை.