நீல விளக்கெண்ணெய்ப் புட்டி

2015 மே 14, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து தொழுதேன். எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, கல்லாவைத் துடைத்து, தராசுத் தட்டுகளைக் கழுவிக் காயவைத்தேன். கடுக்காய் மூட்டையை வெயிலில் பிரித்துப் போட்டேன். எட்டே முக்காலுக்கு முதல் வியாபாரம், சுக்கு நூறு கிராம். அன்றைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. பதினொன்றே காலுக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது அத்தா, அதாவது என் அப்பா, காலத்து நாட்டு மருந்துக் கடை. அந்த நாளில் விளக்கெண்ணெய் நீலக் கண்ணாடிப் புட்டிகளில் வரும். தடித்த கண்ணாடி, பக்கவாட்டில் புடைத்த எழுத்துகள். எண்ணெய் தீர்ந்துவிட்டால் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. நான் ஏழாவது படிக்கும்போது வீட்டைச் சுற்றி மதில் கட்டினோம். திருடன் ஏறாமலிருக்க அதன் மேல் பதிக்க இரண்டு கோணி நீலப் புட்டிகளை உடைத்தோம். கோணியோடு வைத்துச் சுத்தியலால் அடித்தவர்களில் நானும் ஒருவன். எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும். பிறகு பிளாஸ்டிக் வந்தது. நீலப் புட்டி வருவது நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் கடைப் புட்டிகளில் தப்பியவை கல்வராயன் மலைக்குப் போனவை மட்டும்தான். தேன் கொண்டுவருகிறவர்கள் அத்தாவிடம் கேட்டு வாங்கிப் போவார்கள். அப்படி ஒன்றை வைத்திருந்த பெண்மணியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். என்னைவிட மூத்தவர்; அக்கா என்று கூப்பிடுவேன். பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை டின்னில் தேனோடு மலையிலிருந்து இறங்குவார். முதலில் சங்கராபுரத்தில் ஐந்து வீடுகள். அங்கே நீலப் புட்டிதான் அளவு. மிச்சத் தேன் எனக்கு. கடைசி அளவுக்குப் புட்டியை நிரப்பி அப்படியே என் கல்லாவில் வைத்துவிட்டு உப்பு, மிளகாய் வாங்கப் போவார். திரும்பி வருவதற்குள் நான் தேனை ஊற்றிக்கொண்டு புட்டியைத் தயாராக வைப்பேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் புட்டியின் கழுத்தில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் கட்டித் தருவேன்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். பழைய புட்டிகளைச் சேர்ப்பவர். கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டு மதிலைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் கொலை பண்ணிட்டீங்களே பாய்" என்றார். முழுசாக ஒன்று கிடைத்தால் தருவதாக ஒரு தொகை சொன்னார். அக்காவிடம் மூன்று மாதம் நான் வாங்கும் தேனுக்குச் சமமான தொகை.

ஏப்ரல் 16 அன்று அக்கா கடைவீதியிலிருந்து திரும்பியபோது, புட்டியின் வாய் உடைந்துவிட்டது, தேனில் சில்லு விழுந்தால் வம்பு என்று சொன்னேன். உடையவில்லை. அதைக் காட்டச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை. நான் சொன்னால் சரிதான் என்றார். அதே அளவில் புதிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றைக் கொடுத்தேன். வழக்கமான பொட்டலத்தோடு அனுப்ப மனம் கேட்கவில்லை. புட்டி நிறையச் சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தேன். அவர் மறுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. நீலப் புட்டி அந்த வாரமே சேலம் போனது.

தேன் புட்டியில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் தேன் புளித்துவிடும். மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது இது. எனவே அக்கா சர்க்கரையைத் தட்டிக் கொட்டினாரே தவிர, புட்டியைக் கழுவவில்லை. ஏப்ரல் 30 அன்று அந்தப் புட்டியால்தான் சங்கராபுரத்தில் முதல் வீட்டுக்கு அளந்து ஊற்றியிருக்கிறார்.

மே 14, பதினொன்றே கால். அக்கா வந்தபோது டின் குறையாமல் இருந்தது. ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. முதல் வீட்டம்மா தன் ஜாடியின் அடியில் சர்க்கரை கிடப்பதைப் பார்த்துவிட்டு மற்ற நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டாராம். புட்டியும் மாறிவிட்டதால் அளவிலும் சந்தேகம்.

"சக்கர கலந்து விக்கிறேன்றாங்க பாய். ரேஷன்ல போடறதே எங்களுக்கு டீக்குப் பத்தல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கடைக்காரர் போட்டுக் கொடுத்த சர்க்கரை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். எந்தக் கடைக்காரன் புட்டி நிறையச் சர்க்கரையைச் சும்மா கொடுப்பான் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். அந்தப் பழைய புட்டியையும் குடுத்துடுங்க. வாய் ஒடஞ்சிருந்தா இன்னா, துணி கட்டிக்கிறேன்."

அதைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். சங்கராபுரம் பக்கம் போகும்போது சொல்கிறேன் என்றேன். டின் தேன் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன். அதற்கும் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

மாலை அஸர் தொழுதபின் சேலத்துக்குப் போன் செய்து, பணத்தைத் திருப்பித் தருகிறேன், புட்டி வேண்டும் என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். தென் மாவட்டத்தில் கிடைத்த இன்னொன்றோடு அதை ஜோடி சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டாராம், இனிப் பிரிக்க மாட்டாராம். யாருடைய புட்டி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் மனைவி ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு வெயில் என்றேன். ஒரே நாளில் மூன்றாவது பொய்.

மறுநாள் காலை, தொழுத கையோடு, கடைச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு முதல் சங்கராபுரம் பஸ்ஸில் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனபோது அந்த முதல் வீட்டம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நான் போட்டது என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நல்லாயிருந்த புட்டியை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். விற்றதைச் சொன்னேன்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். மலைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.