கோழிகளுக்குத் தெரிந்த பொட்டலம்

கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் கீழ் லயத்தில் ஜீவராணிக்கு நாலைந்து பெட்டைக்கோழிகள் இருந்தன. அவற்றுக்குத் தீனி தேடுவது அவளுக்கு ஒரு வேலையாகவே இருந்ததில்லை. காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது கூடையைத் தூக்கிவிட்டால் போதும். மரங்களுக்கடியில் சருகைச் சீய்த்து, உளுத்த கட்டையில் கறையானைக் கொத்தி, தண்ணீர் விழும் பீலிக்கரையில் புழுவும் புல்விதையும் பொறுக்கிப் பகலை ஓட்டிவிடும். பொழுது சாயும்போது ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்கைப் போட்டு, "பா, பா" என்று கூப்பிடுவாள். அந்தப் பிடிக்காகத்தான் அவை வீடு திரும்பும்.

முட்டை அவள் வீட்டில் தின்பதற்கல்ல. அது கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகும். பால் நிறுக்கும் தராசும் அவரிடம், பேர் எழுதும் பேனாவும் அவரிடம். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. முட்டை போகிற வீட்டுக்கு முழுப் பேர் விழும். இதை யாரும் லஞ்சம் என்பதில்லை, மரியாதை என்பார்கள். பிடுங்கித் தின்பதற்கு எத்தனை நல்ல பெயர்!

தொண்ணூற்றெட்டு மாசியில் மரங்கள் இலை கொட்டின. அந்த நாட்களில் பாலும் சுண்டிப்போகும். மழையும் இல்லாததால் மண் இறுகி, புழு ஆழத்துக்குப் போய்விட்டது. கோழிகள் நாளெல்லாம் சீய்த்துவிட்டுப் பசியோடு திரும்பின. முட்டை நின்றது.

"என்ன ஜீவராணி, கோழியெல்லாம் செத்துப்போச்சா?" என்று கணக்குப்பிள்ளை அவளுடைய பால் வாளியைப் பார்த்தபடி கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

வீட்டில் திரிபோஷா பொட்டலம் இருந்தது. நிறை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமா. அவளுடைய இரண்டு வயது மகள் சுதர்ஷினிக்காக வந்தது. புண்ணாக்கு தீர்ந்துபோன ஒரு மாலையில், இன்றைக்கு மட்டும் என்று அதில் ஒரு பிடி அள்ளி வாசலில் போட்டாள். மறுநாளும் போட்டாள். கோழிகள் மறுபடி முட்டையிட்டன. பிள்ளைக்கு உருட்டும் உருண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. பிள்ளையின் நிறை ஏற வேண்டுமென்று முனியாண்டி சாமிக்குக் கற்பூரமும் ஏற்றினாள், மா போகும் வழி தனக்குத் தெரியாததுபோல.

அடுத்த கிளினிக் நாளில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் லயத்தடிப் பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கூடியிருந்தார்கள். மாவனல்லையிலிருந்து வரும் மருத்துவிச்சி ஸுபைதா, சுதர்ஷினியைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கே. மாவு குடுக்குறீங்கதானே?"

"குடுக்குறேங்க மிஸ்."

ஸுபைதா புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அது சரசரத்ததுதான் தாமதம், ரப்பர் மரங்களுக்கடியிலிருந்து கோழிகள் சிறகடித்துக்கொண்டு ஓடிவந்தன. மருத்துவிச்சியின் காலைச் சுற்றி நின்று பொட்டலத்தை அண்ணாந்து பார்த்தன.

பக்கத்து வீட்டுத் திரேசா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏய் ஜீவா, ஒன் கோழிகளுக்கும் கிளினிக் கார்டு போட்டுட்டாங்களா? மிஸ், அதுகளையும் நிறுத்துப் பாருங்க. நல்லா ஏறியிருக்கும்."

வாசலே சிரித்தது. ஜீவராணிக்குக் காது எரிந்தது. பிள்ளையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். இடுப்பில் அவளுக்குப் பாரமே தெரியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

ஸுபைதா சிரிக்கவில்லை. "சரி, அந்த முட்டையையாவது பிள்ளைக்குக் குடுத்தீங்களா?"

ஜீவராணி பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"அப்ப முட்டையெல்லாம் எங்க போகுது?"

சிரிப்பு சட்டென்று நின்றது. திரேசா தரையைப் பார்த்தாள். அவள் வீட்டு வாழைத்தாரும் கணக்குப்பிள்ளை வாசலுக்குத்தான் போகிறது. அங்கே நின்ற யார் வீட்டிலிருந்து போகவில்லை?

"நானே தின்னுட்டேங்க," என்றாள் ஜீவராணி.

பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கித் தின்றவள் என்ற பேரோடு அவள் வீட்டுக்கு நடந்தாள். பால் நிறுக்கும் ஸ்டோரில் தராசோடு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அன்று ஒரு துளி வியர்வையும் அரும்பவில்லை.

அன்று மாலை கூடையில் ஒரு முட்டை இருந்தது. நாளை வெறுங்கையோடு போனால் அரைப் பேர்தான் என்று தெரிந்தே அதை அவித்தாள். உரித்து, மஞ்சள் கருவைப் பிட்டு மகளின் வாயில் வைத்தாள்.

சுதர்ஷினி முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது. அந்த ருசி அதற்குப் பழக்கமில்லை.

வாசலில் நின்ற பெட்டை ஒன்று கழுத்தை நீட்டி உள்ளே வந்தது. ஜீவராணி அதைக் காலால் தள்ளிவிட்டு, கீழே விழுந்ததைப் பொறுக்கி ஊதினாள்.

"தின்னும்மா," என்றாள். "ஒன்னோடதுதான்."